இரண்டு பல் அச்சுகள்

அத்தியாயம் 11

நாலாவது ஆலோசகராவது நம் குண்டூசிக்குச் சரிப்பட்டு வருவாரா என்ற கவலையோடு போன வாரம் பத்திரிகையை மூடி வைத்தீர்கள். வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு அதற்குப் பதில் வந்துவிட்டது. அம்மாவின் கைபேசிக்கு, வண்ணப் படமாக வந்தது.

'மேதையுடன் ஒரு மணி நேரம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே அவள் பெற்ற மகளின் முகம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நாற்பது மனநல நிபுணர்கள் முன்னிலையில் ஒன்பது வயதுச் சிறுமியுடன் நேரடி உரையாடல். கேள்விகள் கேட்கலாம். தேநீர் உண்டு.

தேநீர் உண்டு என்ற வரியைத்தான் அவள் மூன்று தடவை படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒல்லி உடம்பு, பெரிய தலை என்பதால் பிறந்த மூன்றாம் நாளே அப்பா வைத்த பெயர் குண்டூசி. ஆறு வயதில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு, ஒன்பது வயதில் கல்லூரிக் கணக்கு. இது ஊருக்குத் தெரிந்தது. ஊருக்குத் தெரியாதது, ஒரு கணக்கு தப்பினால் அவள் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். தூக்கத்தில் பற்களை நறநறவென்று அரைப்பாள். ஒருநாள் தலை பின்னிவிடும்போது, "தப்பு பண்ணிட்டா, அப்புறம் நான் யாரும்மா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அன்றிலிருந்துதான் அம்மா நல்ல ஆலோசகரைத் தேடி அலைகிறாள்.

முதலாமவர் பொம்மைகளைக் கொடுத்தார். குண்டூசி மூன்று வாரம் சமர்த்தாக விளையாடினாள். நல்ல கற்பனை வளம் என்று எழுதித் தந்தார். இரண்டாமவர் அறிவை அளந்து பார்த்தார். வந்த எண்ணைப் பார்த்து அவருக்கே தலைகால் புரியவில்லை. அந்தத் தாளை அப்பாக்காரர் லேமினேட் செய்து கூடத்தில் மாட்டிவிட்டார். மூன்றாமவர் ஒரு அம்மாள். பிள்ளைக்குப் போரடிக்கிறது, இன்னும் இரண்டு வகுப்பில் சேருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாலாமவர்தான் பெரிய பெயர்.

அந்தப் பெரிய பெயர்தான் இப்போது தேநீர் கொடுக்கிறது.

கணவர் கண்ணாடி முன் நின்று, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கைபேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்னங்க இது?"

"வந்துடுச்சா? போட்டோ நல்லா இருக்குல்ல?"

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"போன வாரம் நான் கூட்டிட்டுப் போனேன்ல, அப்போ ஒரு ஃபார்ம் குடுத்தார். கையெழுத்துப் போட்டேன்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"பெரிய மனுஷர் குடுக்கறார். அவர் முன்னாடி உக்காந்து எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்றியா?"

"லைசென்ஸ் ஃபார்ம்ல ஒரு புள்ளி விட்டுப்போனா திருப்பி அனுப்பற ஆளு நீங்க! பெத்த பொண்ணுக்குப் படிக்காம கையெழுத்துப் போடுவீங்களா?"

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? நாப்பது பேர் பாக்கறாங்க. அதுல ஒருத்தருக்காவது அவளுக்கு என்னன்னு புரியாதா?"

"நேத்து அவளுக்கு ஒண்ணுமே இல்லன்னீங்க?"

அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் காருக்குப் பிரேக் போட்டே பிழைக்கிற மனிதர் அவர். பேச்சு கைமீறிப் போனால் வீட்டிலும் கால் தானாக அழுத்தும். பாவம், தரையில் பிரேக் இல்லை.

"சத்தம் போடாதம்மா." வாயில் பற்பசை நுரையோடு குண்டூசி வாசலில் நின்றாள். "ஒரு மணி நேரம்தானே. நான் சிரிச்சுப் பேசிடுவேன்."

சொல்லிவிட்டு, எப்படிச் சிரிப்பாள் என்று செய்தும் காட்டினாள். அழகான சிரிப்புதான். அதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

---

அம்மா வேலை பார்ப்பது பல்செட் செய்யும் லேபில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுவாள். இறுகியதும் எடுத்து, கிரைண்டரில் ஓரம் சீவி, அடுத்த மேஜைக்குத் தள்ளுவாள். அடுத்த மேஜையில் மெழுகில் ஈறு செதுக்குகிறவளை எல்லோரும் மெழுகு அக்கா என்பார்கள்.

அன்றைக்குக் கிரைண்டர் போட்ட சத்தத்தில் மெழுகு அக்கா எழுந்தே வந்துவிட்டாள்.

"ஏண்டி, அந்தத் தாத்தா உனக்கு என்ன பாவம் பண்ணினார்? பாதித் தாடையைக் காணோமே."

அவள் கையில் இருந்த அச்சைப் பார்த்தாள். உண்மைதான். இன்னொன்று ஊற்ற வேண்டும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டினாள்.

"நீ ஏன் இன்னும் எங்க சின்னவளைப் பாத்த ஆலோசகர் அம்மாவுக்குப் போன் பண்ணல? ஒரு மாசமா சொல்றேன்" என்றாள் மெழுகு அக்கா. அவளுடைய சின்ன மகள் ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காமல் இருந்தவள்.

"அவங்க பேரை யாருமே கேள்விப்பட்டதில்லையேக்கா."

"பேர் கேட்டுத்தானே நாலு பேர்கிட்ட போன?"

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. உடனே போன் போட்டாள். எதிர்முனையில் ஒரு சாதாரணக் குரல். இவள் மளமளவென்று ஆரம்பித்தாள். ஆறு வயதில் இது, ஏழு வயதில் அது, இரண்டாமவர் எடுத்த எண் இவ்வளவு...

"அதெல்லாம் இருக்கட்டும்மா" என்றது குரல். "பொண்ணுக்கு வர இஷ்டமா?"

"அவளுக்கு ஒன்பது வயசுங்க. அவகிட்ட என்ன கேக்கறது?"



"சாயங்காலம் நாலரையிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் சும்மாதான் இருப்பேன். அவளா கூப்பிட்டா பேசறேன். நீங்க பக்கத்துல இல்லாம. அவ கூப்பிடலன்னா விட்டுடுங்க."

"வச்சிட்டாங்கக்கா! பேர்கூடக் கேக்கல, வச்சிட்டாங்க!"

"எங்கிட்டயும் அப்படித்தான் வச்சாங்க. நானும் உன்னை மாதிரிதான் குதிச்சேன்."

அவளுக்கு அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. நம்பர் எழுதிய துண்டுச் சீட்டைப் பைக்குள் திணித்தாள். பிறகு தன் மேஜை மேல் அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த இரண்டு பல் அச்சுகளை எடுத்தாள். குண்டூசியின் சின்னஞ்சிறிய பற்கள். ஆறு மாத இடைவெளியில் அவளே எடுத்தவை. பேச்சை நம்பாதவன் பிளாஸ்டரை நம்பித்தானே ஆக வேண்டும் என்று நினைத்தாள்.

---

மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து குண்டூசியை அழைத்துக்கொண்டு போனாள். நாலாமவரின் வரவேற்பறையில் கம்பளம், மீன் தொட்டி, சுவர் நிறையச் சான்றிதழ்கள்.

"பாப்பா, என் வண்டி நம்பரையும் போன் நம்பரையும் பெருக்கிச் சொல்லேன்" என்றாள் வரவேற்பறைப் பெண். குண்டூசி சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பெண் கால்குலேட்டரில் சரிபார்த்துக் கைதட்டினாள். மகளின் ஒரு கை மட்டும் பாவாடை மடிப்புக்குள் இன்னொரு மணிக்கட்டைத் தேடிப் போவதை அம்மா பார்த்தாள்.

மகளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கோபத்தில் சாத்திய கதவு பட்டுத் திரும்பிவந்து அரையளவில் நின்றது. அதை அவள் கவனிக்கவில்லை.

"வாங்கம்மா" என்றார் நாலாமவர், பஞ்சு வைத்த குரலில். "உங்க பொண்ணு முழு ஆரோக்கியமா இருக்கா. இவ்வளவு தெளிவா, இவ்வளவு சந்தோஷமாப் பேசற குழந்தையை என் சர்வீஸ்லயே பாத்ததில்ல."

அவள் பதில் சொல்லாமல் துணியைப் பிரித்தாள். கண்ணாடி மேஜை மேல் இரண்டு அச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது ஆறு மாசத்துக்கு முன்னாடி. இது போன வாரம். இந்தக் கடைவாய்ப் பல்லைப் பாருங்க. இது பால் பல் இல்ல, விழுந்து முளைக்காது. சாகற வரைக்கும் இதுதான். இங்க மேடு பள்ளமா இருக்கு. இங்க வழவழன்னு தட்டையாயிடுச்சு. பதினாலு வருஷமா நான் பல்லைத்தான் பாக்கறேன். அம்பது வயசுக்காரங்க வாயில பாக்க வேண்டியது இது. சந்தோஷமா இருக்கற பிள்ளையோட பல்லா சார் இது?"

அவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் உண்மையாகவே ஒரு மாற்றம் வந்தது. அப்பாடா, இப்போதாவது மண்டையில் ஏறியதே என்று அவள் மூச்சு விட்டாள்.

"அருமையான விஷயம்மா" என்றார். "இதையும் சனிக்கிழமை மேடையில வைக்கலாமே!"

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அந்த ஃபார்மைக் குடுங்க."

"கையெழுத்துப் போட்டது அவர். அவர் எழுதிக் குடுத்தாத்தான் முடியும். அழைப்பெல்லாம் போயாச்சு. கொஞ்சம் தண்ணி குடிங்க. அம்மாவோட கோபம் குழந்தைக்கு நல்லதில்ல."

"அவளுக்கு எது நல்லதுன்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல ஃபார்ம்!"

கணவருக்குப் போன் போட்டு, எங்கே இருந்தாலும் உடனே வாங்க என்று சொன்னாள். பத்தாவது நிமிஷம் பயிற்சிப் பள்ளியின் கார் வாசலில் இரண்டு தடவை இருமி நின்றது. ஓட்டிவந்தவர் ஒரு பேக்கரிக்காரர். வண்டி கற்கச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. அவசரம் என்றதும் மனிதர் வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்.

அப்பாக்காரர் உள்ளே வந்தார். நாலாமவர் எழுந்து கை குலுக்கினார். கை குலுக்கிய கையோடு இவர் கண் மேஜைக்குப் போனது.

"இது என்ன?"

"உங்க பொண்ணு பல்."

அவர் குனிந்து, தேய்ந்த பல்லை விரலால் தடவிப் பார்த்தார்.

"ராத்திரியெல்லாம் வருமே ஒரு சத்தம்..."

"அதுதான்."

"நான் ஃபேன்னு நினைச்சேன்" என்றார் அவர். "போன மாசம் எண்ணெய்கூட விட்டேனே."

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு அவளுக்கு ஒரு கணம் மனசு இளகியது. அதே கணத்தில் நாலாமவர் வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி, "உங்க விருப்பம் சார். ஆனா இந்த மாதிரி வாய்ப்பு இன்னொரு தடவை வராது" என்றார். கணவர் பேனாவைப் பார்த்தார். பயிற்சிப் பள்ளியில் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

"நாளைக்கு... கொஞ்சம் யோசிச்சு..."

"இன்னும் என்னங்க யோசனை? பொண்ணைத் தட்டுல வச்சு நாப்பது பேருக்கு நீட்டறதுக்கு யோசனையா? இவங்க டீ குடிச்சுக்கிட்டு வேடிக்கை பாப்பாங்க, நீங்க பக்கத்துல நின்னு பல்லைக் காட்டுவீங்க!"

"அம்மா."

பாதி திறந்திருந்த கதவில் குண்டூசி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாருக்கும் தெரியாது.

"எல்லாருக்கும் நான் எப்படி இருந்தாப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. "மொத சாருக்குப் பொம்மையோட விளையாடணும். ரெண்டாவது சாருக்குக் கடைசிக் கணக்கு வரைக்கும் போடணும். மூணாவது மேடத்துக்கு போர் அடிக்குதுன்னு சொல்லணும். இந்த சாருக்குச் சிரிச்சுப் பேசணும். அப்பாவுக்கு நம்பர் வேணும்."

"கேட்டுக்கோங்க!" என்று அம்மா இரண்டு ஆண்களையும் வெற்றியோடு பார்த்தாள்.

"நான் இன்னும் முடிக்கல" என்றாள் மகள். "உனக்குப் பிடிக்கணும்னா, எனக்கு ஏதாவது ஆகியிருக்கணும்."

குண்டூசி மேஜை மேல் இருந்த அச்சுகளைக் காட்டினாள்.

"அந்தப் பல்லை விளையாட்டுன்னு சொல்லித்தானே எடுத்த? ஸ்ட்ராபெரி வாசனையெல்லாம் போட்டு? நானும் கடிச்சேன். இவங்ககிட்ட காட்டப்போறேன்னு நீ சொல்லவே இல்ல."

பதில் சொல்ல அவளிடம் நூறு வார்த்தைகள் இருந்தன. உனக்காகத்தான், உன் நல்லதுக்குத்தான், நான் இல்லாவிட்டால் யார் பார்த்திருப்பார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் பிள்ளை சொன்னதும் உண்மை. அவள் வாழ்க்கையில் இவ்வளவு அவமானப்பட்டதில்லை. அதைவிட, இவ்வளவு கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றதும் இல்லை.

அப்பாக்காரர்தான் முதலில் அசைந்தார். மகள் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை உனக்கு வரணுமாடா?"

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிற பிள்ளை அவள். இப்போது வாயைத் திறந்து மூடினாள். நெற்றி சுருங்கியது.

"தெரியல" என்றாள். "யாரும் கேட்டதில்ல. யோசிக்கணும்."

அவர் எழுந்தார். "அவ சொன்னதும் எழுதறேன் சார்."

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள" என்றார் நாலாமவர். பஞ்சு இப்போது குரலில் இல்லை. "இல்லன்னா நிகழ்ச்சி நடக்கும்."

அம்மா இரண்டு அச்சுகளையும் துணியில் சுற்றினாள். இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.

---

கார் மாட்டு வண்டி வேகத்தில் போனது. பேக்கரிக்காரர் ஸ்டியரிங்கை உயிருக்குப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். பக்கத்தில் அப்பாக்காரர், பின்னால் அம்மாவும் மகளும்.

அம்மா பைக்குள் கை விட்டபோது துண்டுச் சீட்டு தட்டுப்பட்டது. அவள் அதை வெளியே எடுத்தாள். 'பேசு' என்ற வார்த்தை மூன்று தடவை நாக்கு நுனிவரை வந்தது. மூன்று தடவையும் விழுங்கினாள்.

"இது ஒருத்தவங்க நம்பர். காலைல உன்னைக் கேக்காமதான் போன் பண்ணினேன். உனக்கு இஷ்டமிருந்தா நீயே பேசலாமாம். இல்லன்னா விட்டுடச் சொன்னாங்க."

"என்னைப் பத்தி என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. நான்தான் சொன்னேன். இருக்கட்டும்னுட்டாங்க."

"ரெண்டாவது சார் எடுத்த நம்பர்கூடவா?"

"நம்பர்கூட."

குண்டூசி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை நீட்டினாள். "போன் குடு. வண்டியை நிறுத்துங்க. எல்லாரும் இறங்குங்க."

"நானுமா பாப்பா?" என்றார் பேக்கரிக்காரர்.

"நீங்களும் அங்கிள். சாவி மட்டும் இருக்கட்டும், கண்ணாடி ஏத்தணும்."

ஆக, ஒரு சலவைக் கடை வாசல் நடைபாதையில் மூன்று பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். கண்ணாடி ஏறியது. உள்ளே பெரிய தலை கைபேசிமேல் சாய்ந்தது. பேக்கரிக்காரர் எதுவும் கேட்காமல், சலவைக் கடைக்காரர் சட்டை மடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

"எனக்குத் தெரியாம போச்சு" என்றார் கணவர் மெதுவாக.

"எனக்குந்தான்" என்றாள் அவள்.

கண்ணாடி வழியாக மகளின் வாய் அசைவது தெரிந்தது. தாடை அசைவைப் பார்த்தே பல் எப்படிக் கடிக்கும் என்று சொல்லக்கூடியவள் அவள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பாதிப் பேச்சு பிடிபட்டுவிடும். பார்க்கத்தான் தோன்றியது. கஷ்டப்பட்டு முதுகைத் திருப்பி, இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

கண்ணாடி இறங்கும் சத்தம். இரண்டு விரல் அகலம்.

"அம்மா. அந்த ரெண்டு அச்சையும் குடு."

"எதுக்கு?" என்று வாய்வரை வந்தது. துணி முடிச்சோடு அப்படியே இடுக்கு வழியாகக் கொடுக்கப் பார்த்தாள், நுழையவில்லை. கண்ணாடி இன்னும் கொஞ்சம் இறங்கியது. சின்னக் கை வாங்கிக்கொண்டது. கண்ணாடி ஏறியது.

திரும்புவதற்கு முன் அவள் பார்த்துவிட்டாள். மடியில் இரண்டு அச்சுகள். குண்டூசி ஒன்றின் மேல் விரலை வைத்து எதையோ சொன்னாள். பிறகு மற்றதன் மேல் வைத்தாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

இருபது நிமிஷம் கழித்துக் கண்ணாடி முழுசாக இறங்கியது. பிள்ளையின் கண் சிவந்திருந்தது. கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். அச்சுகளைக் கொடுக்கவில்லை.

"அவங்க சனிக்கிழமை வரச் சொல்றாங்க. காலைல பத்து மணிக்கு."

"பத்து மணிக்கா?" அப்பாக்காரரின் வலது கால் நடைபாதையை அழுத்தியது.

"ரெண்டும் ஒரே நேரம். எதுக்குப் போறதுன்னு நாளைக்குச் சொல்றேன்" என்றாள் குண்டூசி. "தப்பா முடிவு பண்ணாலும் பரவாயில்லன்னு அவங்க சொன்னாங்க. அது உண்மையான்னு எனக்கு இன்னும் தெரியல. நான் சொல்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் என்னை எதுவும் கேக்கக் கூடாது. கோவமாவும் கேக்கக் கூடாது. பாசமாவும் கேக்கக் கூடாது."

கண்ணாடி மறுபடி ஏறியது.

அம்மா கதவில் கை வைத்தபடி நின்றாள். இவ்வளவு நாள் கத்தியவள், இன்னும் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. என்ன பேசினாங்க, எதுக்கு அழுத, எதுக்குப் போகப்போற. கேள்விகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள்.

காதோரம் விண்ணென்று வலித்தது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, தன்னுடைய கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று அரைத்துக்கொண்டிருந்தன.